வீட்டுக்காரர் பங்கு

சோபனா முதலில் முட்டி வலி என்றாள். ஆக்னஸ் முட்டியைத் தொட்டுப் பார்த்தபோது வலி இடுப்புக்கு ஏறிவிட்டிருந்தது. இடுப்பைப் பற்றிக் கேட்டால் தலைசுற்றல் என்றாள். ஷூ கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அதன் நாடாவைச் சுண்டுவிரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஏரிக்கொட்டாய் கிளினிக்குக்கு ஆக்னஸ் நர்ஸாக வந்து ஆறு வருடம் ஆகிறது. சில நோய்கள் உடம்பு முழுக்க ஒரு சுற்று போய்விட்டுத்தான் வாய்க்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவசரப்படாமல், ரெஜிஸ்டரில் ஏதோ கோடு போடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த வார்த்தை வராது. சோபனா எழுந்து, வாசலுக்குப் போய், செருப்பை மாட்டி, கதவில் கை வைத்துத் திரும்பினாள்.

“சிஸ்டர், இன்னொன்னு. கீழ கொஞ்சம் அரிப்பா இருக்குது.”

“எத்தன நாளா?”

“கொஞ்ச நாளாத்தான். எங்க பையன் ஒண்ணாவது சேர்ந்தப்ப ஆரம்பிச்சுது.”

பையன் இப்போது நான்காவது படிக்கிறான்.

ஆம்பூரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருந்தது ஏரிக்கொட்டாய். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கிளை அது. ஓடு போட்ட இரண்டு அறை, முன்னால் ஒரு வேப்பமரம், ஒரு நீள பெஞ்சு. புதன்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும் என்று மூன்று மாதத்துக்கு முன் ஆரம்பித்திருந்தார்கள். வாணியம்பாடியிலிருந்து டாக்டர் அஃப்ஷா வருவார். முதல் வாரம் தலைமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோட்டீஸில் ‘பிறப்புறுப்பு நல முகாம்’ என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த வந்தார்கள். அடுத்த நோட்டீஸில் ‘யோனித் தொற்று’ என்று மாற்றினார்கள். “யோகாவா சிஸ்டர்? எனக்குக் குனிஞ்சா நிமுர முடியாதே” என்று ஒரு அம்மாள் கேட்டுவிட்டுப் போனாள். ஆக்னஸ் மேல் முழுக்கப் பழி போட முடியாது. நர்ஸிங் படிப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தவள். ஆங்கிலத்தில் எந்த உறுப்பின் பெயரையும் பஸ் போகிற ஊர்களின் பெயரைச் சொல்வதுபோலச் சரளமாகச் சொல்வாள். அதையே தமிழில் சொல்ல வேண்டும் என்றால் அவளும் ‘கீழ’ என்றுதான் சொன்னாள். பதினோரு புதன்கிழமைகளில் மொத்தம் நான்கு பேர் வந்திருந்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கூட்டம் சேராவிட்டால் புதனை பிரஷர் நோயாளிகளுக்கு ஒதுக்கிவிடப் போவதாகக் கடிதம் வந்திருந்தது.

“பத்து பொம்பளைங்கள்ல மூணு பேருக்காவது இருக்கும் ஆக்னஸ். பெஞ்சுல ஒருத்தர்கூட இல்ல” என்று அஃப்ஷா வாராவாரம் சொல்வார். சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை இரண்டு மணிக்கு பதில் பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிடுவார்.

அன்றைக்கு சோபனா ஐந்தாவது ஆள். அஃப்ஷா பரிசோதித்து, பஞ்சில் எடுத்ததைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். “வா, நீயும் பாரு. எப்படி வாலாட்டிட்டுப் போகுது பாரு” என்று ஆக்னஸைக் கூப்பிட்டார். வீட்டில் மூன்று வருடமாக வாடகை இல்லாமல் இருந்தவனைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. பச்சை டப்பா ஒன்றை எடுத்து வைத்து நிதானமாக விளக்கினார். இது சோபனாவின் பங்கு. இந்தப் பெரிய மாத்திரை இரண்டும் வீட்டுக்காரர் பங்கு. இரண்டு பேரும் ஒரே நாளில், சாப்பிட்ட பிறகு போட வேண்டும். ஒருவர் போட்டு ஒருவர் போடாவிட்டால் போன பூச்சி திரும்பி வந்துவிடும்.

“அப்புறம் ஒண்ணு. அவரு மூணு நாளைக்குக் குடிக்கக் கூடாது. குடிச்சா மூஞ்சி செவந்துடும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், வாந்தி வரும்.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சோபனா முதல்முறையாக நிமிர்ந்தாள்.

“வாந்தின்னா எவ்ளோ டாக்டர்?”

“ஜாஸ்தியா வரும்.”

சோபனா டப்பாவை வாங்கி முந்தானையில் துடைத்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கேள்வியை அப்போதே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும் என்று ஆக்னஸுக்குப் பின்னால் தோன்றியது.

சோபனாவின் கணவன் சூரியபிரகாஷ் தோல் தொழிற்சாலையில் டிரம் ஓட்டுகிறவன். ஒரு வீடு கொள்ளும் அளவுள்ள மர உருளைகளில் தோல்கள் மருந்துத் தண்ணீரில் புரண்டு நீலமாக வெளியே வரும். அவற்றை இழுத்துப்போட்டுப் போட்டு அவன் நகக்கண்களும் நீலமாகிவிட்டிருந்தன. அடிக்கிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கேட்டதற்கு ‘ம்’ என்பான். பத்து வருடமாக ஒரு ‘ம்’முடன் குடும்பம் நடத்துகிறேன் என்று சோபனா கம்பெனி வேனில் சொல்லிச் சிரிப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாடு போட்டுவிட்டு, “கம்பெனில பூச்சி மாத்திரை குடுத்தாங்க. குடும்பத்துக்கே போடணுமாம்” என்று இரண்டு மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் பையனுக்கு வருடாவருடம் கொடுக்கிறார்கள், அதனால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. விழுங்கிவிட்டு, “கசப்பு” என்றான். மூன்று நாள் குடிக்கக் கூடாது என்று சொல்லத்தான் இருந்தாளாம். நுனிநாக்கு வரைக்கும் வந்ததாம். அதற்குள் அவன் ‘ம்’ சொல்லிவிட்டுப் படுத்துவிட்டானாம்.

ஞாயிறு மதியம் மச்சான் வீட்டில் கறிச்சோறு. முதல் கிளாஸ் உள்ளே போய்ப் பதினைந்து நிமிடத்தில் சூரியபிரகாஷின் முகம் தக்காளியாகிவிட்டது. நெஞ்சு அடிப்பது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டது என்றார்கள். அவன் வாந்தி எடுத்த வேகத்தில் மச்சான் வீட்டு நாய் ஏரிக்கரைக்கு ஓடிவிட்டது. கறி கெட்டுப்போய்விட்டது என்று அவன் சொல்ல, அதே கறியை மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானுக்குக் கோபம் வந்தது. கறிதான் காரணம் என்று நிரூபிக்க சூரியபிரகாஷ் திங்கட்கிழமை கடைக்குப் போய் வெறும் ஊறுகாயோடு குடித்தான். அதே முகம், அதே நெஞ்சு, அதே வாந்தி. செவ்வாய்க்கிழமை காலையில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரருக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான். அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. புதனும் போகவில்லை.

சோபனா ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. வேனில் பக்கத்து சீட்டு ரஃபத் ஜஹானின் காதில் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். வேன் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது அது ரஃபத் ஜஹானுக்கு மட்டும் தெரிந்த விஷயம். பாலத்தை விட்டு இறங்கியபோது வேனில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த புதன் காலை ஆக்னஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பெஞ்சு, படிக்கட்டு, வேப்பமரத்தடி எங்கும் பெண்கள். எண்ணினால் பத்தொன்பது. பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அட்டை, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முதலில் வந்தவள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

“வெள்ளை படுது, அரிக்குது, வாடை வருது, ரெண்டு வாரமா.”

முட்டியும் இல்லை, இடுப்பும் இல்லை. ஆக்னஸுக்குப் பேனா நின்றுவிட்டது. இரண்டாவது ஆளும் அதையே, அதே வரிசையில் சொன்னாள். மூன்றாவதாக வந்த சின்னப் பெண், “ரெண்டு வாரமா வெள்ளை படுது, வாடை வருது, அப்புறம்…” என்று தொங்கலில் நின்று, கதவுப் பக்கம் திரும்பினாள். “அரிப்புடீ!” என்று பெஞ்சிலிருந்து மூன்று குரல் வந்தது. “ஆங், அரிப்பு சிஸ்டர்” என்றாள் அவள் நிம்மதியாக.

நாலாவது தேசம்மா. ஐம்பத்தைந்து வயது, கணவன் போய் எட்டு வருடம். அவளும் அதையே ஒப்பித்துவிட்டு, “அந்த வூட்டுக்காரர் பங்கு மாத்திரை, அதயும் சேத்து குடுத்துடுங்க” என்றாள்.

“உங்க வீட்டுக்காரர்தான் இல்லியேம்மா.”

“என் மவன் இருக்கறான் இல்ல? அவனும் அந்தக் கடையிலதான கெடக்கறான்.”

அப்போதுதான் ஆக்னஸுக்கு விஷயம் பிடிபட்டது. ஐந்தாவதாக வந்த ரஃபத் ஜஹானை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். ரஃபத் ஜஹான் எதையும் மறைக்கவில்லை. “நம்ம வூட்ல குடி கிடி எல்லாம் கெடையாது சிஸ்டர், அஞ்சு வேளை தொழுகை. ஆனா எங்க வூட்டுக்காரு வக்கார் அகமதுக்கு செல்போன் பைத்தியம். ராத்திரி பகல் அதான். ஒரே பேஜார். அந்த மாத்திரை போட்டா செல்லப் பாத்தா வாந்தி வருமான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்.”

ஆக்னஸ் உள்ளே போய் டாக்டரிடம் சொன்னாள். வந்திருக்கிற பத்தொன்பது பேரும் பொய் சொல்கிறார்கள். யாருக்கும் எதுவும் இல்லை. எல்லாருக்கும் வேண்டியது புருஷன் மாத்திரை. அவளுக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. மூன்று மாதமாகத் தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டாள். ஒருத்தி வரவில்லை. அஃப்ஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொய்யா? சரி. எல்லாருக்கும் டெஸ்ட் எடு. யாரு பொய்யின்னு மைக்ராஸ்கோப் சொல்லட்டும்.”

மாலை நான்கு மணிக்கு மைக்ராஸ்கோப் சொல்லிவிட்டது. பத்தொன்பதில் பதிமூன்று பேருக்கு ஏதாவது ஒன்று இருந்தது. ஏழு பேருக்கு வாலாட்டும் பூச்சி. மீதி ஆறு பேருக்கு வேறு வகை. அதற்கு வீட்டுக்காரர் பங்கு கிடையாது. அஃப்ஷா இரண்டு முறை சரிபார்த்தார். தேசம்மாவின் விரலில் குத்தி ரத்தம் பார்த்ததில் சர்க்கரை முந்நூற்று நாற்பது. மகனுக்கு மாத்திரை வாங்க வந்தவள் தனக்கு சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஆக்னஸ் ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். சொன்னதை யாரும் நம்பவில்லை. “நான் சும்மாதான சொன்னேன்!” என்றாள் சின்னப் பெண், முகம் வெளுத்து. “பொய் சொன்னதுக்கு சாமி குடுத்துட்டாரா சிஸ்டர்?”

“சும்மா சொன்னியா? அப்போ அரிக்கலியா உனக்கு?”

அவள் யோசித்தாள். “அரிக்கும்தான்.”

“வெள்ளை?”

“அதுவும்தான்.” பிறகு, நர்ஸுக்கே இது தெரியவில்லையே என்ற ஆச்சரியத்தோடு, “அது எல்லாருக்கும் இருக்கறதுதான சிஸ்டர்? எங்கம்மாவுக்கு இருந்துச்சு, அக்காவுக்கு இருக்குது. அதப் போயி நோவுன்னா சொல்லுவாங்க?” என்றாள்.

சாத்தியிருந்த கதவு எப்போது திறந்தது என்று ஆக்னஸுக்குத் தெரியவில்லை. பெஞ்சிலிருந்தவர்கள் அறைக்குள் வந்துவிட்டிருந்தார்கள். சூடு என்றாள் ஒருத்தி. பத்து மணி நேரம் ரெக்சின் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்தால் சூடு ஏறாதா? வெந்தயம் ஊறவைத்து எத்தனை கிலோ தின்றிருக்கிறேன் தெரியுமா என்றாள் இன்னொருத்தி. லைனில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு பாத்ரூம் பாஸ், அதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றாள் மூன்றாவது ஆள். அலசின துணியை ஆம்பளைகள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் காயப்போடுவது, காயாத துணியையே அடுத்த மாதம் எடுப்பது. ரஃபத் ஜஹான் மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரர் தெரிந்தவராக இருந்ததால், சொறிக்கு என்று சொல்லிக் களிம்பு வாங்கிய கதையைச் சொன்னாள். அது மாட்டுக்குப் போடுகிற களிம்பு என்று பிறகுதான் தெரிந்ததாம். அறை அதிரச் சிரித்தார்கள். ஆக்னஸும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இவர்களில் ஒருத்தியும் உண்மை சொல்ல வரவில்லை, பொய் சொல்லத்தான் வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பொய் என்று நினைத்ததால்தான் அத்தனை தைரியமாகச் சொன்னார்கள்.

பூச்சி இல்லாத அம்மாள் ஒருத்தி மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. “எனக்கு இல்லியா? நல்லாப் பாத்தீங்களா சிஸ்டர்? இன்னொரு தபா பாருங்களேன்.”

ஆக்னஸ் எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். இது குடியை நிறுத்துகிற மாத்திரை கிடையாது. பூச்சிக்கான மாத்திரை. மூன்று நாள் கழித்தால் இதன் வேலை முடிந்தது. தெரியாமல் கொடுத்து, அவர் தெரியாமல் குடித்து, நெஞ்சு பலவீனமான ஆளாக இருந்தால் உயிரே போகலாம். அப்புறம் நீங்கள் பச்சை டப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்கள், ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று கேட்பவர்களின் முகத்தோடு கேட்டார்கள். முடித்ததும் ஒருத்தி, “சரி சிஸ்டர், நீங்க சொல்லிட்டீங்க, நாங்க கேட்டுக்கினோம். மாத்திரைய குடுங்க” என்று கையை நீட்டினாள்.

அங்கேயே அஃப்ஷா சட்டம் போட்டார். பெண்களின் பங்கு பெண்களுக்கு. வீட்டுக்காரர் பங்கு வேண்டுமென்றால் வீட்டுக்காரர் கிளினிக்குக்கு வர வேண்டும். என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். மரத்தடியில் பெரும் சத்தம் எழுந்தது. தாலி கட்டுகிற அன்றைக்கே முகூர்த்தத்துக்கு லேட்டாக வந்த ஆள் இதற்கா வரப்போகிறார் என்று ஒருத்தி கேட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு சோபனா மட்டும் மிச்சம் இருந்தாள். கம்பெனியிலிருந்து நேராக, மறுபரிசோதனைக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பூச்சி போயிருந்தது. அதைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. ஆக்னஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், எங்க வூட்டுக்காருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஒம்பது நாளாச்சு. நேத்து சாயங்காலம் என்னாண்ட, ‘இன்னா கொழம்பு’ன்னு கேட்டாரு சிஸ்டர். கேட்டுட்டு ‘நல்லா இருக்குது’ன்னாரு. அவரு சாமின்னு நெனச்சிக்கினு இருக்காரு. சாமின்னே இருக்கட்டும்.”

“நான் சொல்ல மாட்டேன். உன் நோவ வெளில சொல்ல எனக்கு உரிமையும் இல்ல. ஆனா நீ சொல்லணும்மா.”

“சொன்னா நாளைக்கே கடைக்குப் போய்டுவாரு.”

அன்றிரவு ஆக்னஸ் ஜெபம் சொல்லும்போது, பொய்யாகவே இருந்தாலும் அந்த வீட்டுக்கு இன்னும் சில நாள் கொடு என்று கேட்கலாமா கூடாதா என்று குழம்பி, கேட்காமலே படுத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை முப்பத்தொரு பேர். இந்தத் தடவை யாரும் ஒப்பிக்கவில்லை. அவரவர் வார்த்தையில், அவரவர் வரிசையில் சொன்னார்கள். இரண்டு கணவன்மார்கூட வந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல வேப்பமரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். பதினோரு மணி இருக்கும். சலசலவென்று இருந்த பெஞ்சு திடீரென்று அடங்கியது. ஆக்னஸ் எட்டிப் பார்த்தாள். சூரியபிரகாஷ் வாசலில் நின்றான்.

முப்பத்தொரு பேருக்கும் அவன் கதை தெரியும். அவனுக்குத்தான் தெரியாது. முந்தானைகள் வாய்க்குப் போயின. ரஃபத் ஜஹான் திரும்பி உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டாள்.

“ஆம்பளைங்களுக்குப் பாப்பீங்களா சிஸ்டர்?” என்று மெதுவாகக் கேட்டான். உள்ளே வந்ததும் அவனே கதவைச் சாத்தினான். “வூட்ல தெரிய வேணாம். எனக்கு லிவர் போயிடுச்சு. சரக்கு உள்ள போனாலே நெஞ்சு வெடிக்குது. எங்க பெரியப்பாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது. ஆறு மாசத்துல போய்ட்டாரு.”

அஃப்ஷா அவனைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்தினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தத்துக்கு எடுத்துக்கொண்டார். “ரிசல்ட் வரட்டும். ஆனா கைக்கு ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருக்கீங்க.”

அவன் நம்பவில்லை. சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, “அப்டித்தான் சொல்லுவீங்க டாக்டர். பரவால்ல. நான் ரெடி பண்ணிக்கினுதான் இருக்கறேன்” என்றான்.

“என்ன ரெடி?”

“அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்குடுக்கறேன். டெய்லி சாயங்காலம் ஏரிக்கரைல. நான் போய்ட்டா பையன ஸ்கூலுக்கு யாரு கொண்டுபோய் விடறது? கேஸ் புக் எங்க இருக்குது, கரண்ட் பில் எப்டிக் கட்றது, எல்லாம் காட்டிட்டேன். அவளுக்கு எதுக்குன்னு தெரியாது. சிரிச்சுக்கினே கத்துக்குது.”

ஆக்னஸ் அஃப்ஷாவைப் பார்த்தாள். அஃப்ஷா ஸ்டெதாஸ்கோப்பை மடித்துக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் மடித்துக்கொண்டிருந்தார்.

“சோபனாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்” என்றாள் ஆக்னஸ்.

“அவளுக்கு இன்னா தெரியும் சிஸ்டர்?”

வெளியே “தள்ளு! தள்ளு!” என்று கூச்சல். ஜன்னல் வழியாகப் பார்த்தால், இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டு, ஹாரனை அடித்தபடி சோபனா ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். மரத்தடிக் கணவன்மார் இருவரும் ஒரே பக்கம் தாவினார்கள். வண்டி வேப்பமரத்தில் மெல்ல முட்டி நின்றது. அவள் அதைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“நீ எதுக்கு வந்த?” என்றான் அவன்.

“நீ எதுக்கு வந்த?”

ஆக்னஸ் வெளியே போகத் திரும்பினாள். “இருங்க சிஸ்டர்” என்று சோபனா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உனக்கு ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. அன்னிக்கி நான் குடுத்தேனே மாத்திரை, அதப் போட்டுக்கினு குடிச்சா அப்டித்தான் ஆவும்.”

“கம்பெனி மாத்திரைதான?”

“கம்பெனி குடுக்கல. இங்க குடுத்தாங்க. எனக்கு நோவு. கீழ. மூணு வருஷமா. உனக்கும் சேத்துப் போட்டாத்தான் போவும்னாங்க.”

ஆக்னஸ் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

“எங்கேர்ந்து வந்துச்சு?”

அஃப்ஷா முந்திக்கொண்டார். “யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா சத்தமில்லாம உள்ள இருக்கும். ஆம்பளைங்களுக்கு இருக்கறதே தெரியாது. வெளில பெஞ்சப் பாத்தீங்கல்ல? அதுல பாதிப் பேருக்கு மேல இந்த மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கு.”

சூரியபிரகாஷ் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். ஜன்னல் நிறைய முகங்கள் இருந்தன. அத்தனையும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தன. அவன் மறுபடி சோபனாவிடம் வந்தான்.

“மூணு வருஷமா அரிச்சுக்கினா இருந்த?”

“ஆமா.”

“சொல்லலியே நீ.”

“எப்போ சொல்றது? நீ செவுத்தப் பாத்துக்கினு இருந்த.”

அவன் அடிக்கவில்லை, கத்தவில்லை. டாக்டரின் மேசை விளிம்பை நீல நகத்தால் சுரண்டினான். ஏமாற்றப்பட்டவனின் கோபம் அவன் முகத்தில் ஏறுவதும், ஏறி எங்கே உட்காருவது என்று தெரியாமல் இறங்குவதும் ஆக்னஸுக்குத் தெரிந்தது. சாவதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்தவனிடம் சாவு இல்லை என்று சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

“அப்போ அந்த மாத்திரைதான்” என்றான். “சாமி இல்ல.”

சோபனா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சிஸ்டர், அந்த மாத்திரை எத்தன நாளிக்கி வேல செய்யும்?”

“மூணு நாளு. சனிக்கெழம சாயங்காலம் போட்டிருந்தா, செவ்வாக்கெழம சாயங்காலத்தோட முடிஞ்சுது.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் மாத்திரைக்கு ஒரு வேலையும் இல்ல. புதன்கிழமை நீங்க குடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

அவன் நெற்றியைச் சுருக்கினான். “புதன்லேர்ந்து இன்னியோட…” என்று ஆரம்பித்து நிறுத்தினான். “அப்போ அந்த நாளெல்லாம்?”

“அதெல்லாம் நீங்கதான்.”

“பொய் சொல்றீங்க.”

“நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?”

அவன் அஃப்ஷாவைப் பார்த்தான். அவரும் தலையாட்டினார். பிறகு ஒரு தாளில் ஏதோ எழுதி, குடியை விட நினைக்கிறவர்களுக்குத் தலைமை ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை தனி டாக்டர் இருக்கிறார், தனியாக முடியாது என்று தோன்றினால் போங்கள் என்று கொடுத்தார். அவன் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தான். வெளியே வந்தான். பெஞ்சிலிருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. மரத்தில் சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தி, முன் விளக்கு உடைந்திருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சாவியை வாங்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

சோபனாவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புடவையைச் சொருகிக்கொண்டு முன்னால் ஏறினாள். ஆக்னஸ் அடுத்த பெயரைக் கூப்பிட மறந்து படியில் நின்றாள். ரோடு அந்த முனையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் ஊர். இரண்டு பக்கத்துக்கும் இண்டிகேட்டர் விளக்கு மாறிமாறி மின்ன, வண்டி வளைந்து வளைந்து அதை நோக்கிப் போயிற்று. சூரியபிரகாஷ் ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்திருந்தான். தொடைமேல் மல்லாந்து கிடந்த இன்னொரு கையில் அவன் கட்டைவிரல் மற்ற விரல்களின் கோடுகளைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஆள்காட்டி விரல்வரை வந்து, நம்பாமல் மறுபடியும் சுண்டுவிரலுக்குப் போயிற்று.